அடைப்பு எடுத்த வீடு

தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு வீடு ஏறி இறங்கி, பன்னிரண்டாவதாக ஒன்று கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம் தெரிகிறது, குளியலறை மாடியில் இருப்பவர்களோடு பொது, வெங்காயம் வதக்கினால் கதவைச் சாத்திக்கொள்ளும்படி வீட்டுக்காரி சொல்கிறாள், அவளுடைய நாய்க்கு மட்டும் என் மருமகள் வசந்தாவைப் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் பக்கவாட்டாக எழுதியிருந்தாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "நாங்கள் இரண்டு பேர்தான் என்று சொல்லியிருக்கிறேன். வயதானவர்கள் உண்டென்றால் தரமாட்டாள். அம்மா, நீ வந்ததும் விருந்தாளி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். போகப் போகப் பழகிவிடும்."

கோபம் இல்லை. நீ லண்டனுக்குப் போய் எட்டு மாதம்தான் ஆகிறது, வேறு எப்படிச் சொல்லியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. இங்கே நான் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது, கப்பலுக்கும் இன்னும் ஐந்து வாரம்தான். ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து, இத்தனை வருஷமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மாற்றிச் சொல்லிவந்திருக்கிறேன் என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரில் வந்து சொல்ல எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்க மாட்டேன், நீயே கேலி செய்வாய். எழுதத்தான் வரும். அதனால் நான் வந்து சேர்வதற்கு முன்னால் இது வந்துவிடட்டும்.

நான் ரங்கூனில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். அது என்னவென்று நீ யோசித்திருக்க மாட்டாய். இருபத்திரண்டு வயதுவரை நான் இந்தியாவைப் பார்த்ததில்லை. உன் தாத்தா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் கப்பலேறிப் போனவர். அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, பிறகு ஆட்களின் நேரம் குறிக்கும் வேலைக்கு உயர்ந்தவர். தன் பெயரைத் தவிர வேறு எதையும் வேகமாக எழுத வராது. நான் கணிதத்தில் பி.ஏ. தேறிய அன்று, அந்தக் காகிதத்தை வைக்க ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி வந்தார். அடுத்த வருஷமே குண்டு விழுந்தது. அம்மாவையும் என்னையும் உன் சித்தி கமலாவையும் கப்பலில் ஏற்றிவிட்டு, அவர் பின்னால் வருவதாகச் சொன்னார். நாங்கள் மூவரும் நாற்பத்திரண்டு தை மாதம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். இங்கே எல்லாரும் எங்களை 'திரும்பி வந்தவர்கள்' என்றார்கள். நான் எங்கிருந்தும் திரும்பவில்லை. முதல் தடவையாக ஒரு வெளிநாட்டுக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான். பாஷை மட்டும் ஒன்று.

அந்தச் சித்திரையில் சென்னையில் வீடு கிடைப்பதற்குக் கஷ்டமே இல்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. தியாகராய நகரில் ஒரு பெரிய வீட்டுக்காரர், திருடன் வராமல் இருக்க யாராவது குடியிருந்தால் போதும் என்று சாவியை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயிலேறினார். அந்த வீட்டுக்குத்தான் ஆனி மாதம் உன் தாத்தா வந்து சேர்ந்தார். மலை, காடு எல்லாம் நடந்து, கல்கத்தா வழியாக. நான்தான் கதவைத் திறந்தேன். பிச்சைக்காரர் என்று நினைத்து, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே சோறு எடுக்கப் போனேன். அவர் வாசலிலேயே நின்றார். அன்றே அவருக்கு இருமல் இருந்தது.

புரட்டாசியில் ஊர் திரும்ப நிரம்பத் தொடங்கியது. கும்பகோணத்துக்காரரும் வந்தார். நல்ல மனிதர், பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. பர்மாவிலிருந்து வருகிறவர்களைப் பதிவு செய்யும் ஆபீஸ். நாள் முழுவதும் கேட்பது மூன்றே கேள்வி. புறப்பட்டவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர், இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குச் சிலர் விரல்விட்டு எண்ணுவார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள். நான் தலை நிமிராமல் காத்திருப்பேன். அவர்களை விட எனக்குத்தான் கூச்சம் அதிகம்.

மாலையில் ஆபீஸ் விட்டதும் 'டு லெட்' பலகை தொங்கும் வீடுகளைத் தேடி அலைவேன். சொல்ல வேண்டியதை டிராமில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துகொள்வேன். கதவு திறந்ததும் பாதி மறந்துவிடும். பனகல் பார்க் பக்கம் ஒரு வீட்டில் அம்மாள் ஒருத்தி கம்பிக் கதவுக்குள் நின்றுகொண்டே கேட்டாள்.

"எந்த ஊர்?"

"ரங்கூன்."

"அது சரி, சொந்த ஊர் எது?"

"ரங்கூன்தாங்க."

"அதெல்லாம் ஒரு ஊரா? நீங்க எவா, அதைச் சொல்லு." எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. 'நாங்கள் நாங்கள்தான்' என்று ஏதோ உளறினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "பர்மாலேருந்து வந்தவாளா? அங்கே மீனை அழுகப் போட்டு அரைச்சுத் திம்பாளாம். ஆத்துல நாத்தம் போறதுக்கு ஒரு வருஷம் ஆகும், வேண்டாம்னு அனுப்பு." அந்த அம்மாள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். போகும்போது எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். கம்பி வழியாகத்தான்.

அடையாற்றில் பாலத்தைத் தாண்டி ஒரு தோட்ட வீட்டின் பின்கட்டு. அந்த மனிதர் என் பி.ஏ. காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "படிச்ச பொண்ணு சம்பாதிக்குது, சரி. ஆம்பளை யாரு?" அப்பா இருக்கிறார் என்றேன். "என்ன பண்றார்?" உடம்பு சரியில்லை என்றேன். "என்ன உடம்பு?" நான் பேசாமல் நின்றேன். அவர் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். இப்படி ஒன்பது வீடு. ஆண் துணை இல்லாவிட்டால் தரமாட்டார்கள், நோயாளி ஆண் என்றாலும் தரமாட்டார்கள். காச நோய் என்ற சொல்லை நான் ஒரு இடத்திலும் சொன்னதில்லை. சொல்லாமல் நின்ற அந்த நேரமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

காதர் பாய் என்று ஒருவர். ஜட்கா ஓட்டுவார், ஓட்டுகிற தெருக்களில் காலியாகும் வீடுகளை ஆட்களுக்குச் சொல்லியும் விடுவார். அவர்தான் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் மந்தைவெளிப் பக்கம் போகும் சந்தில் ஒரு வீடு இருக்கிறது என்றார். முன்பக்கம் வீட்டுக்கார அம்மாள், பின்பக்கம் இரண்டு அறையும் சமையற்கட்டும். "ஆறு மாசமா அடைப்பு இருந்த வூடும்மா. இப்பத்தான் எடுத்தாங்க. அதான் இன்னும் யாரும் வரல."

நான் பின்னறையைப் பார்த்தேன். வெளிச்சுவரில் ஓர் இடத்தில் மட்டும் பூச்சு புதிதாக, வேறு நிறத்தில் இருந்தது. சாக்கடைக் குழாயை இடித்து எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். ரங்கூனில் எங்கள் தெருச் சாக்கடை மழைக்காலம் முழுவதும் அடைத்துக்கொள்ளும். "இப்போ தண்ணி நல்லாப் போகுதா?" என்று கேட்டேன்.

காதர் பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போவுதும்மா. சோக்காப் போவுது" என்று சொல்லிவிட்டுக் குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது, எதற்கு என்று தெரியவில்லை. தம்பி, நீ இருக்கும் ஊரில் யாராவது உன்னுடைய கேள்விக்குத் திரும்பி நின்று சிரித்தால், கூச்சப்படாமல் எதற்கென்று கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் பெயர் தாயாரம்மா. ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, புருஷன் போய் ஆறு மாதம் ஆகிறது என்று காதர் பாய் சொல்லியிருந்தார். அவள் ஊரையும் கேட்கவில்லை, சாதியையும் கேட்கவில்லை. "எத்தினி பேரு கீறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் நாள் முழுவதும் மற்றவர்களிடம் கேட்கிறவள்.

"மூணு பேர். அம்மா, தங்கச்சி, நான்."

"ஆம்பள?"

"அப்பா கல்கத்தாவில முகாம்ல இருக்கார். வந்துக்கிட்டே இருக்கார்." ஒரு பொய் என் வாயிலிருந்து அவ்வளவு சரளமாக வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை பார்த்த எந்த வீட்டிலும் நான் அப்படித் தடங்கலில்லாமல் பேசியதில்லை. ஆண் உண்டு, ஆனால் இப்போது இல்லை. இருமலும் இல்லை. தாயாரம்மா உச்சுக்கொட்டினாள். "வந்துருவாரு, கவலப்படாத. வூட்டப் பெருக்கிப் பால் காச்சுங்க."

அப்பாவைத் திருவல்லிக்கேணியில் ஒரு சத்திரத்தில் விட்டுவைத்தோம். எட்டு நாள். அம்மா தினமும் தூக்கில் கஞ்சி எடுத்துப் போவாள். ஒன்பதாம் நாள் காலையில் காதர் பாய் ஜட்காவில் அவரை ஏற்றி, பக்கத்தில் எங்கள் காலித் தகரப் பெட்டியையும் வைத்து, கல்கத்தா மெயிலில் வந்து இறங்கியவரைப் போலச் சந்துக்குள் கொண்டுவந்தார். வரும்போதே சத்தம் போட்டார். "ரங்கூன்கார அம்மா வூடு எது? அய்யா வந்துட்டாரு." கமலாவுக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவை அப்போதுதான் பார்ப்பதுபோல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் ஓடினாள். எட்டு நாளில் அவர் இன்னும் இளைத்திருந்தார். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத் தாயாரம்மாவும் அழுதாள். "நில்லுங்க, நில்லுங்க, அப்டியே உள்ள போவாதீங்க" என்று ஓடிப்போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வந்து அவருக்கு ஆரத்தி எடுத்தாள். புருஷன் இல்லாதவள் தான் எடுக்கலாமா என்று ஒரு கணம் தயங்கி, தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தான் பாட்டு மட்டும் முணுமுணுத்தாள். உன் தாத்தா அந்தச் சிவப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை ஒரு வேடிக்கைக் கதையாக உனக்குச் சின்ன வயதில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஜட்காவும் காலிப் பெட்டியும் வரும் இடத்தில் நீ உருண்டு உருண்டு சிரிப்பாய். இதற்கு மேல் நடந்ததைத்தான் மாற்றிச் சொன்னேன்.

பின்னறையில், அந்தப் புதுப் பூச்சுக்குப் பக்கத்தில்தான் அவருக்குப் பாய் போட்டோம். ஒரு நாள் அவர் விரலால் அந்தப் பூச்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஆத்தா, இது எதுக்கு ஒடச்சதுன்னு சொன்னாங்க?" சாக்கடை அடைப்புக்கு என்றேன். "குழாய்க்கு இம்புட்டு அகலம் ஒடைக்க மாட்டாக" என்றார். நான் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அடைப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டென்று அவருக்குத் தெரியும். இந்த நாட்டில் பிறந்தவர் அல்லவா. கணிதம் படித்த எனக்குத்தான் தெரியாது.

இரண்டாவது மாதமே தாயாரம்மாவுக்கு நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. "உங்க நைனா இருமல கேட்டுக்கினுதான கீறேன்" என்றாள் ஒரு நாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நான் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒருத்தியிடம் சொல்லி ஆட்டுப்பால் வரவழைத்துக் கொடுத்தாள். பாத்திரத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

தை பிறந்து சில நாளில் அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக ஆனது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ, ஒரு வாரமோ என்று சொல்லிப் போனார். அன்று காலை பத்து மணி இருக்கும். நான் ஆபீசுக்குப் போகவில்லை. தாயாரம்மா கையில் பஞ்சாங்கத்தோடு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் படிக்க வராது. யாரிடமோ கேட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு துடைப்பக் குச்சியை அடையாளமாகச் செருகியிருந்தாள்.

"இத கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. அவிட்டம் எப்போ பொறக்குது?"

படித்தேன். "இன்னிக்கு நாலு மணிக்கு. அதுவரைக்கும் திருவோணம்."

"பக்கத்தக் காட்டினவரும் சொன்னாரு, நாலு மணின்னுதான்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள். "உங்கிட்ட அடைப்புன்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாங்க. சாக்கடை..."

அவள் சிரிக்கவில்லை. "அய்ய. சாக்கட இல்லம்மா. என் வூட்டுக்காரர் அந்த ரூம்லதான் போனாரு. சதயத்துல. அவிட்டத்துலேர்ந்து அஞ்சு நட்சத்திரம் ஆவாது. அதுல உசுரு போனா ஆறு மாசம் வூட்ட அடைச்சுப் போட்டுறணும். வாசப்படி வழியாக்கூட எடுக்கக் கூடாது, செவுத்த இடிச்சுத்தான் எடுக்கணும். ஊரே ஓடிப்போன நேரம், தூக்க நாலு ஆள் கெடைக்கல. காதர் பாய்தான் தெருத்தெருவாப் போயி ஆள் இட்டாந்தாரு. ஆறு மாசம் ஒரு மனுசன் இந்தச் சந்துல என் மூஞ்சப் பாக்கல. நீங்க வந்து பால் காச்சினப்பறந்தான் எனக்குச் சோறு எறங்கிச்சு." கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "நான் உன்ன வெளிய போன்னு சொல்லல. ஆனா நாலு மணிக்கு அப்பால இங்க ஒண்ணு ஆச்சுன்னா, மறுபடியும் அடைக்கணும். நீங்களும் இருக்க முடியாது, நானும் இருக்க முடியாது. ரெண்டாந்தபா அடைச்ச வூட்டுக்கு எவனும் வர மாட்டான். உங்கம்மாவும் அந்தக் கொழந்தையும் எங்க போவும், நீயே சொல்லு. ஆஸ்பத்திரில போனா வூட்டுக்கு ஒண்ணும் இல்ல."

நட்சத்திரம் என்றால் என்ன என்று கல்லூரியில் படித்தவள் நான். அவ்வளவு தூரத்தில் எரியும் ஒன்றுக்கும் இந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவள் மாறியிருக்க மாட்டாள், சந்தும் மாறியிருக்காது. ஆனால் நான் அன்று நட்சத்திரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பனகல் பார்க்கின் கம்பிக் கதவையும், அடையாற்றில் மடித்துக் கொடுத்த காகிதத்தையும், இன்னொரு ஒன்பது வீட்டையும் யோசித்தேன். அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கமலாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் துவைத்த வேட்டியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நான் காதர் பாயைக் கூட்டிவரப் போனேன்.

உன்னிடமும், உன் அப்பாவிடமும், கமலாவின் பிள்ளைகளிடமும் நான் சொல்லிவந்தது இது: 'தாத்தாவே சொன்னார். எனக்காக வீட்டை இழக்காதே, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்றார். அப்படிப்பட்ட மனிதர்.' அவர் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. நான் அவரைக் கேட்கவே இல்லை. அன்று அவருக்கு நினைவு இருந்தது. காலையில் கஞ்சி வேண்டாம் என்று தலையாட்டினார், கமலாவின் பின்னல் அவிழ்ந்திருக்கிறது என்று கையால் காட்டினார். கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். கேட்டால் அவர் என்ன முகம் வைத்துக்கொள்வார் என்ற பயம். நானும் காதர் பாயும் பாயோடு சேர்த்துத் தூக்கினோம். எடையே இல்லை.

லஸ் முனை தாண்டியதும் வெயில் முகத்தில் விழ, கண் திறந்தார். என் மடியில் தலை இருந்தது.

"எங்கிட்டுப் போறோம் ஆத்தா?"

"வேற வீடு பாத்திருக்கேன்பா" என்றேன்.

குதிரை கொஞ்ச தூரம் போயிற்று. அவர் யோசிப்பது போலிருந்தது. "எத்தன பேருன்னு சொன்ன?"

"நாலு பேர்."

"நாலுன்னே சொல்லிட்டியா" என்றார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டார். காதர் பாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. தாழ்வாரத்தில், சுவரோரம், இரண்டு பேருக்கு நடுவில் இடம் காட்டினார்கள். பெயர் எழுதிக்கொண்டவர் என்னைப் போலவே தலை நிமிராமல் கேள்வி கேட்டார். மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார். எனக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. சரியாக மூன்று.

காதர் பாய் போய் அம்மாவைக் கூட்டிவந்தார்; எங்கள் ஆபீசுக்குப் பதிவு செய்ய வந்து பழக்கமான பர்மாக்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு. வெளியே உயிர் போன உடலை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். நாங்கள் வீடு திரும்பியபோது கொல்லையில் தாயாரம்மா தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தாள். அம்மாவின் தலையில் முதல் செம்பை ஊற்றிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"எத்தினி மணிக்கும்மா?"

"மூணு."

செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "மூணா?" என்றாள். "நாலு வரிக்கும் திருவோணமாச்சே." பிறகு கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "வூட்லயே படுத்துக்கினு இருந்திருக்கலாமே நைனா. நிம்மதியாப் படுத்துக்கினு இருந்திருக்கலாமே."

அந்தப் பின்னறையில் பத்து நாளும் அவள்தான் விளக்கு ஏற்றினாள். அவளுக்கு அது கடமை இல்லை. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். என்னைக் கல்யாணம் செய்து கொடுத்ததும் அங்கிருந்துதான். உன்னைப் பெற்றதும் அந்தப் பின்னறையில்தான், அந்தப் பூச்சுக்குப் பக்கத்தில். அதற்குள் சுவர் முழுவதும் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. ஆனாலும் எனக்கு அதன் ஓரம் தெரியும். தாயாரம்மாவும் நானும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் செத்தபோது நட்சத்திரம் என்ன என்று பஞ்சாங்கம் பார்க்க நான் யாரையும் விடவில்லை. அது மட்டும்தான் அவளுக்கு நான் செய்தது.

இதை வைத்து உன் வீட்டுக்காரியிடம் போய் உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீடு இல்லாமல் ஓர் ஊரில் நிற்பது எப்படி என்று தெரிந்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். நான் சொன்ன பொய்யால்தான் அம்மாவுக்கும் கமலாவுக்கும் கூரை கிடைத்தது. அந்தப் பொய்யை இன்று சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன். உன் வீட்டுக்காரிக்கும் வயதானவர்கள் என்றால் ஏன் பயம் என்று தெரியவில்லை. அவள் வீட்டிலும் ஏதாவது ஒரு அறை அடைத்துக் கிடந்திருக்கலாம். பழகிய பிறகு, முடிந்தால் கேட்டுப் பார். கேட்டபின் நீ சொல்வதா வேண்டாமா என்பது உனக்கே தெரியும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். நான் அங்கே வந்து விருந்தாளியாக இருக்கத் தயார். இருமல் வந்தால் போர்வைக்குள் இருமிக்கொள்கிறேன். அவள் படியேறும் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். எனக்குப் பேச வராதது அங்கே சௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் காகித ஓரத்தில் பக்கவாட்டாக எழுதித் தெரிவிக்காதே. கேள். 'அம்மா, இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறேன், உனக்குச் சம்மதமா' என்று ஒரு வரி கேட்டு எழுது. நான் சரி என்றுதான் எழுதுவேன். உன் தாத்தாவும் சரி என்றுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

கப்பலுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. உன் பதில் வரப் பத்து நாள் போதும்.

அம்மா